மருமகனின் முழங்கால் பற்றி

மச்சான்,

உன் மகன், என் மருமகன், ஜியு-ஜிட்சுவில் (நிலத்தில் பிடித்துப் பூட்டுகிற சண்டை விளையாட்டு) முழங்காலில் அடிபட்டதையும் ஒபரேசனையும் பற்றி நீ அனுப்பிய குரல் பதிவு முழுவதையும் கேட்டேன். பாதிக் கேள்வி உன்னுடையது, மீதி பின்னாலிருந்து தங்கச்சி கேட்கிறது. நானும் குரலில் பதில் போட்டால் நீ கார் ஓடிக்கொண்டு கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி, தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டு.

மருமகன் சொன்ன விபரமே பெரும்பாலும் போதும். எதிராளி பின்பக்கமாகப் போய்க் குந்தி இழுத்தபோது அவனுடைய முழுப் பாரமும் இவன் முழங்காலின் வெளிப்பக்கத்தில் விழுந்திருக்கிறது, உள்ளே டொக் என்று சத்தம் கேட்டிருக்கிறது, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் முழங்கால் சிரட்டை தெரியாத அளவுக்கு வீங்கியிருக்கிறது. அப்படிக் கெதியாக வீங்கினால் மூட்டுக்குள் இரத்தம் கசிகிறது என்று அர்த்தம், அதிலே ஏ.சி.எல். நார், அதாவது மூட்டுக்குள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கிற நார், அறுந்திருக்கவே சான்ஸ் கூட. ஜூடோவில் அந்த எறிதலுக்குத் தானி ஒதோஷி என்று பெயர். பக்கத்தில் விழ வேண்டியவன் காலின் மேலேயே விழுந்தால் இதுதான் நடக்கும், ஜியு-ஜிட்சு கிளப்புகளில் எறிதலை அரைகுறையாகப் பழகிய பெடியங்கள் இதைத்தான் கூடச் செய்கிறார்கள்.

இனி நீ கேட்ட முக்கியமான கேள்வி, ஒபரேசனில் அறுந்த நாருக்குப் பதிலாக அவன் உடம்பிலிருந்தே எந்த நாரை எடுத்து வைப்பது. இதை டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும், ஆனால் அவருக்கு ஒரு விஷயத்தை நீங்கள் வாயைத் திறந்து சொல்லவேண்டும்: இவன் பந்து அடிக்கிற பெடியன் இல்லை, முழங்காலில் நின்று விளையாடுகிறவன். சிரட்டைக்குக் கீழே இருக்கிற நாரில் நடுத்துண்டை எலும்போடு எடுத்து வைத்தால் பிடிப்பு நல்ல உறுதி, ஆனால் முழந்தாளிட்டு நிற்கும்போது முன்பக்கம் நோவது அதிலே கூடுதல், தரைச் சண்டைக்காரனுக்கு அது சில்லறை விஷயம் இல்லை. பின்தொடை நாரை எடுத்தால் முழந்தாளிடலாம், ஆனால் காலை நன்றாக மடக்கிக் குதிக்காலால் எதிராளியை இழுத்துப் பிடிக்கிற பலத்தில் கொஞ்சம் போகும், அந்தப் பிடியில்தான் இவனுடைய விளையாட்டே இருக்கிறது என்று நீ சொல்கிறாய். முன்தொடை நாரை எடுக்கிற முறையும் இப்போது பரவலாக இருக்கிறது. எது நல்லது என்று என்னிடம் ஒரு வரியில் கேட்காதே, அந்த டொக்டர் எதை அதிகம் செய்து பழகியவர் என்பதும் கணக்கில் வரும். ஒபரேசனுக்கு முன்னே போய்க் கேளுங்கள், பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்லை.

திகதி வரும்வரை சும்மா படுத்திருக்கட்டும் என்று தங்கச்சி சொல்வது கேட்டது. வேண்டாம். வீக்கம் வற்றி, கால் முழுதாக நீண்டு, தொடைத் தசை விழித்த பிறகு ஒபரேசனுக்குப் போகிறவன்தான் பிறகு நன்றாக எழும்புவான். ஒரு துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்துவிட்டு, அதை நிலத்தோடு அழுத்து என்று சொல்லு. அழுத்தும்போது சிரட்டைக்கு மேலே, உட்பக்கமாக, ஒரு தசை திரண்டு எழும்ப வேண்டும், உன் விரலை அதிலே வைத்துப் பார். மற்றக் காலில் கல்லாக எழும்பும், அறுந்த காலில் ஒன்றுமே இல்லாமல் தோல் மட்டும் நடுங்கும். பெடியன் சோம்பேறி என்று நினைக்காதே, மூட்டு வீங்கியிருந்தால் அந்தத் தசைக்குப் போகிற கட்டளையை நரம்பே குறைத்துவிடும். பிறகு துவாயைக் குதிக்காலுக்குக் கீழே மாற்றி, முழங்கால் தன் பாரத்திலேயே கீழே இறங்கும்படி விடவேண்டும். ஒரு நாளில் பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாக.

சரி, எனக்குப் பயமான இடத்துக்கு வருகிறேன். ஒபரேசன் முடிந்து மூன்றாம் நாலாம் மாதம் உன் மகன் படியில் துள்ளி இறங்குவான், நோ இருக்காது, தழும்பு ஆறியிருக்கும், வீட்டில் எல்லாரும் சுகம் என்று சொல்லிக் கோயிலில் நேர்த்தியும் முடித்துவிடுவீர்கள். உள்ளே கதை வேறு. வைத்த நார் முதலில் செத்த நார்தான், அதற்குள் புதிய இரத்தக் குழாய் போய், பழைய இழை கரைந்து, புதிய இழை வர வேண்டும். அந்த மாற்றம் நடக்கிற மாதங்களில் நாரின் பலம் வைத்த நாளில் இருந்ததைவிடக் குறைந்து, பிறகுதான் மெல்ல ஏறும். கால் சுகமாகத் தெரிகிற காலமும் நார் பலவீனமாக இருக்கிற காலமும் ஒன்றாக வருகிறது, இங்கேதான் எல்லாரும் விழுகிறார்கள். 2016 இல் வந்த டெலவெயர்-ஒஸ்லோ ஆய்வில், ஒன்பது மாதம் வரைக்கும் விளையாட்டுக்குத் திரும்பிப் போவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயப்படுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒன்பதுக்கு முன்னே மெத்தையில் சண்டை இல்லை, அவ்வளவுதான். அவன் அழுதாலும் இல்லை.

ஒன்பது மாதம் போனால் மட்டும் போதும் என்றும் நினைக்காதே. ஒற்றைக் காலில் பாய்ந்து தூரம் அளப்பார்கள், தொடைப் பலத்தை மெசினில் அளப்பார்கள், மற்றக் காலோடு ஒப்பிட்டு 90 வீதம் வந்தால் பாஸ். அதிலே ஒரு ஓட்டை: இத்தனை மாதம் சும்மா இருந்ததில் நல்ல காலும் மெலிந்துவிடும், மெலிந்த காலோடு ஒப்பிட்டால் 90 சுலபமாக வரும். முடிந்தால் ஒபரேசனுக்கு முன்னேயே நல்ல காலை அளந்து எழுதி வைக்கச் சொல்லு. இந்த வயதில் திரும்பிப் போகிற பிள்ளைகள் மற்ற முழங்காலையும் அறுத்துக்கொண்டு வருவது உண்டு, அதனால் இரண்டு காலுக்கும் பயிற்சி வேண்டும்.

பிசியோ கையைக் கழுவுகிற இடத்துக்கும் கோச் கையில் எடுக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு வெளி இருக்கிறது, மச்சான், அதற்கு யாரும் பொறுப்பு இல்லை. பிசியோவுக்கு இவன் ஓடுகிறான், குந்துகிறான், முடிந்தது. கோச்சுக்கு டொக்டர் ஓகே சொல்லிவிட்டார், இறங்கு. நேர்கோட்டில் ஓடுவதற்கும், எண்பது கிலோ ஆள் ஒருவன் உன் காலைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துத் திருப்புவதற்கும் என்ன சம்பந்தம்? இங்கே எங்கள் ஜூடோப் பெடியங்களுக்கு நான் வைத்திருக்கிற வரிசை இது, அங்கே அவன் கோச்சிடம் கொடு. முதலில் தனியாக, முழந்தாளிலிருந்து உருண்டு விழுவது, இடுப்பை நகர்த்துவது. பிறகு எறியாமல் பிடித்து உள்ளே போய் வருவது மட்டும். அதற்குப் பிறகு நிலத்திலிருந்தே தொடங்கி, ஒரு நிலையில் மட்டும், நிதானமான பெரிய பெல்ட் ஆளோடு; புதிதாகச் சேர்ந்த பலசாலிப் பெடியனோடு விடவே கூடாது, அவனுக்குத் தன் பலம் எங்கே போகிறது என்றே தெரியாது. எழும்பி நின்று எறிவது, எறியப்படுவது கடைசி. குதிக்காலைப் பிடித்து முழங்காலைத் திருப்புகிற ஹீல் ஹூக் பூட்டு அதற்கும் பிறகு, என்னைக் கேட்டால் வேண்டவே வேண்டாம். மற்றப் பூட்டுகளில் நொந்த பிறகு தட்டி விட்டுக்கொடுக்கலாம், குதிக்காலைத் திருப்பும்போது நோ வருவதற்குள் நார் போயிருக்கும். ஜியு-ஜிட்சுப் போட்டிகளை நடத்துகிற சம்மேளனமான ஐ.பி.ஜே.ஜே.எஃப். கூட அதை 2021 இல்தான் அனுமதித்தது, அதுவும் கி என்கிற தடித்த சட்டை இல்லாத போட்டியில், பிரவுண், பிளாக் பெல்ட் எடுத்த பெரியவர்களுக்கு மட்டும்.

ஜப்பானிய ஜூடோ வீரர் யமஷிதாவைப் போல நானும் தாங்குவேன் என்று மருமகன் சொன்னானாம். அந்தக் கதையை எல்லாக் கோச்சும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள், எனக்கு அதிலே எரிச்சல். 1984 லொஸ் ஏஞ்சல்ஸில் வலது கெண்டைத் தசை கிழிந்த பிறகும் நொண்டிக்கொண்டே எகிப்து வீரர் ரஷ்வானைத் தரையில் அமுக்கித் தங்கம் எடுத்தார், உண்மைதான். ஆனால் அது ஒலிம்பிக் இறுதிப் போட்டி, அதற்காகவே வாழ்ந்த மனிதர், அதோடு கிழிந்தது தசை, மூட்டின் நார் இல்லை. அதே ஆளுக்கு 1980 இல் எண்டோ என்ற வீரர் கானி பசாமி என்ற எறிதலைப் போட்டுக் கால் எலும்பு உடைந்ததைப் பற்றி யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. கத்தரிக்கோல் மாதிரிக் காலை வெட்டுகிற அந்த எறிதல் இன்று போட்டிகளில் தடை. மருமகனுக்கு அந்தப் பாதியையும் சொல்லு.

இங்கே பெரிய புதினம் இல்லை. கோட்டை வாசலில் மான்கள் வழக்கம்போல ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கின்றன. வாடை தொடங்கமுதல் பிள்ளைகளை உப்புவெளிக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போய் இடுப்பளவு தண்ணீரில் நடக்க விடுகிறேன், அந்த ஆழத்தில் உடம்பின் பாரம் ஏறத்தாழப் பாதிதான் காலில் இறங்கும், காசு கொடுத்தாலும் இங்கே அப்படி ஒரு வசதி வராது. புண் முழுதாக மூடிய பிறகுதான், அதிலே விளையாட்டு இல்லை. கார்த்திகை வந்தால் கடல் எங்களை விடாது.

அம்மாக்களோடு நான் படுகிற பாடு வேறு. சுளுக்கிய அன்றைக்கே கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டு, இன்னும் வீங்கிப்போச்சு தம்பி என்று வருவார்கள். புதுக் காயத்துக்குச் சூடு கூடாது. ஐஸுக்கும் இப்போது முந்திய மரியாதை இல்லை, 1978 இல் ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தல் என்று எழுதிய அமெரிக்க டொக்டர் கேப் மிர்கினே பிற்காலத்தில் ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றி எழுதினார். நோ குறைய முதல் நாள் கொஞ்சம் வை, அதற்கு மேல் வேண்டாம் என்கிறேன். உன் அம்மா அனுப்பச் சொல்கிற பரியாரியார் எண்ணெயும் அப்படித்தான், பூசினால் நார் ஒட்டாது, கெட்டும் போகாது, கிழவியின் மனம் ஆறும், அனுப்புகிறேன். வீங்கின மூட்டில் இறுக்கிக் கட்டுவதற்கு மட்டும் விடாதே.

போன மாதம் ஒரு பெட்டை மோதிர விரல் சுளுக்கு என்று வந்தாள். எதிராளியின் கழுத்துப்பட்டியை இவள் இறுக்கிப் பிடித்திருந்த நேரம் அந்த எதிராளி உதறி இழுத்திருக்கிறாள். நான் நடு மூட்டைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கு என்றேன், நுனி அசையவே இல்லை. அது சுளுக்கு இல்லை, மடக்குகிற நார் எலும்பிலிருந்து பிய்ந்து உள்ளங்கைப் பக்கம் சுருங்கிவிட்டது, ஒரு வாரம் பத்து நாளுக்குள் தைக்காவிட்டால் பிறகு இழுத்துக் கொண்டுவருவது கஷ்டம். அன்றைக்கே அனுப்பிவிட்டேன், தைத்துவிட்டார்கள். மருமகனுக்கும் இந்தச் சோதனையைக் காட்டிக்கொடு, கி பிடிக்கிறவனுக்கு விரல்தான் முதலில் போகும். காது வீங்கினாலும் ஸ்டைல் என்று விடாமல் சில நாளுக்குள் இரத்தத்தை எடுத்து அமுக்கிக் கட்டச் சொல்லு. தோலில் வட்டம் வட்டமாகப் படர்தாமரை வந்தால் பார்மசியில் கிடைக்கிற ஸ்டீரொயிட் கலந்த கிறீமைப் பூசவேண்டாம், சிவப்பு மட்டும் மறையும், பூஞ்சை உள்ளே படரும், இந்தப் புழுக்கத்தில் எங்கள் மெத்தை முழுவதும் ஒரு முறை அப்படித்தான் போனது.

கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான் என்று சொன்னாய். ஒபரேசனுக்குப் பிறகும் கிழமையில் ஒரு நாளாவது கிளப்புக்குக் கொண்டுபோய் இருத்து, நேரம் பார்க்கட்டும், சின்னப் பிள்ளைகளுக்குப் பிடி சொல்லிக் கொடுக்கட்டும். பலம் திரும்பினாலும் அந்தக் காலில் ஊன்றப் பயம் திரும்புகிறவர்கள் பலர், மெத்தை வாசமே இல்லாமல் ஒன்பது மாதம் இருந்தவனுக்கு அது கூடும்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை முழுதாகப் படம் எடுத்து அனுப்பு, முடிவு எழுதின கடைசி வரியை மட்டும் அனுப்பாதே. மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கிற மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறதா, இருந்தால் தைக்கப் போகிறார்களா வெட்டப் போகிறார்களா என்று கேட்டு எழுது. தைத்தால் முதல் சில வாரம் எவ்வளவு ஊன்றலாம், எவ்வளவு மடக்கலாம் என்பது வேறு கணக்கு, அதைப் பார்த்த பிறகுதான் ஒபரேசனுக்குப் பிந்திய முதல் மாதத்தை உனக்கு எழுதமுடியும்.

உன் மச்சான்,
திருகோணமலை