எந்த மீன் போனது என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நடுக்கடலில் தனித்துக் கிடக்கும் தீவுகளைச் சுற்றி, இதுவரை அங்கே இல்லாத வெப்பக்கடல் மீன்கள் தென்படுவதாக வந்த செய்தியைப் படித்தேன். ஏதோ விருந்தாளி வந்த மாதிரி சந்தோஷமாக எழுதியிருந்தது எனக்கு ஒப்பவில்லை. புதுசாக ஒரு மீன் வந்தால், அங்கே ஏற்கெனவே இருந்த மீன் என்ன ஆனது என்பதும் செய்திதானே?

தருமபுரிக்காரருக்குக் கடலைப் பற்றி என்ன கவலை என்று நினைக்க வேண்டாம். இங்கே பாலக்கோட்டில் வஞ்சிரம் வாங்க எல்லோராலும் முடியாது, ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் மத்தியை நம்பித்தான் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை குழம்பு. மீன்கார அக்கா செதிலைச் சுரண்டிக்கொண்டே, "கேரளா லோடு வரலைங்க, இது நாகப்பட்டினத்துச் சரக்கு" என்று சொல்வது எங்களுக்குப் பழகிப்போன பேச்சு. மத்தி முன்பு பெரும்பாலும் கேரளக் கரையோரத்து மீன். 1990-களுக்குப் பிறகு தமிழ்நாடு, ஆந்திரக் கரைகளிலும் அதிகமாக அகப்பட ஆரம்பித்தது, கடல் சூடானதை இதற்கு ஒரு காரணமாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. கேரளத்திலோ 2012-இல் 4 லட்சம் டன்னை ஒட்டிக் கிடைத்த மத்தி 2021-இல் 4,000 டன்கூடத் தேறவில்லை. குஞ்சு மீனையும் சேர்த்து அள்ளியது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் கடல் நீர் சூடாகும் எல் நினோ என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு, எல்லாப் பழியையும் சூட்டின் மேலேயே போட முடியாது.

ஆனால் தீவுகளின் கதை இதைவிட மோசம். நீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறைகிறது, மீனுக்கோ இரை கூடுதலாக வேண்டியிருக்கிறது. நீளமான கரை இருந்தால் கரையோரமாகவே குளிர்ந்த பக்கம் நகர்ந்துவிடலாம். சுற்றிலும் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம் உள்ள தீவில், பாறையை ஒட்டியே வாழும் சின்ன மீன் எங்கே போகும்? வெளியிலிருந்து வருவதெல்லாம் பெரும்பாலும் நீரோட்டத்தில் மிதந்து வரும் முட்டையும் குஞ்சும்தான், அப்படி வருவது வந்துகொண்டே இருக்கும், இருப்பதற்குத்தான் போக்கிடம் இல்லை. பசிபிக் கடலில் உள்ள கலாபகஸ் தீவுகளில் மட்டுமே இருந்த டாம்செல் என்ற சின்ன மீன் வகையில் ஒன்றை 1982-83 எல் நினோவுக்குப் பிறகு யாரும் பார்க்கவே இல்லை. அழிந்தே போயிருக்கும் என்கிறார்கள்.

கிருஷ்ணகிரி அணையில் மீன் வறுவல் சாப்பிட்டவர்களுக்கு ஜிலேபி மீனைத் தெரியும். 1952-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இனம், அது பெருகிய இடத்தில் நம் ஊர் மீன்களுக்கு இரையும் இடமும் சுருங்கிப்போனது. இது நாம் கையால் கொண்டுவந்து விட்டது, அந்தத் தீவுகளில் சூடு கொண்டுவந்து விடுகிறது.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் வெப்ப நீரோட்டம் வலுத்ததும் வடக்கேயிருந்து, முள் பந்து போல இருக்கும் கடல் முள்ளெலிகள் வந்து சேர்ந்து, கடலடிப் பாசிக் காடுகளை மேய்ந்து பாறையை மொட்டையாக்கிவிட்டன. அப்புறம் அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 2009-லிருந்து மீனவர்களும் முக்குளிப்பவர்களும் தங்கள் பகுதியில் வழக்கமில்லாத மீனைக் கண்டால் படம் எடுத்து அனுப்புகிறார்கள், விஞ்ஞானிகள் சரிபார்த்துப் பதிவு செய்கிறார்கள், ரெட்மேப் என்று அதற்குப் பெயர்.

நம் கரையிலும் முதலில் கவனிப்பது வலை இழுக்கிறவர்கள்தான். அவர்கள் சொல்வது ஏலக்கூடத்தோடு நின்றுவிடுகிறது. தங்களுக்கு ராமநாதபுரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம், கடலூர் எல்லா ஊரிலும் நிருபர்கள் இருப்பார்கள். வாரம் ஒரு நாள், இந்த வாரம் வலையில் புதிதாக என்ன ஏறியது, வழக்கமாக வருவதில் எது வரவில்லை என்று மீனவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரிலேயே, படத்தோடு போடுங்கள். சந்தை நிலவரம் வரும் பக்கத்தில் நாலு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.