பிள்ளைகளின் பயண நோட்டு

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குத்தான் முழங்கால் வலி விட்டபாடில்லை.

லீவில் பிள்ளைகளை என்ன செய்ய வைப்பது என்று கேட்டிருந்தாய். நாங்கள் இந்த முறை பயண நோட்டு போட ஆரம்பித்திருக்கிறோம். போன இடத்தில் கிடைத்த டிக்கெட், இலை, வரைந்த படம் எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்து ஒட்டி, பக்கத்தில் அவர்களே எழுத வேண்டும். பளபளப்பான ஆல்பமெல்லாம் வேண்டாம். தடித்த தாள் உள்ள டிராயிங் நோட்டு போதும்.

பத்மநாபபுரம் அரண்மனை டிக்கெட்டை ஒட்டும்போது, அதில் கேரள அரசு என்று இருப்பதைப் பெரியவள் பார்த்துவிட்டாள். "தக்கலை நம்ம மாவட்டம்தானே, அரண்மனை மட்டும் எப்படி அவங்களுக்கு?" என்று பிடித்துக்கொண்டாள். அப்பா அவளை உட்காரவைத்து, 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் சேர்ந்த கதையைச் சொன்னார். அரண்மனைப் பராமரிப்பு மட்டும் கேரளத்திடமே இருக்கிறது. "நீங்களே எழுதுங்க பாட்டா" என்று நோட்டை நீட்டினாள். இப்போது அதில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு முழுப் பக்கம் இருக்கிறது, செல்வம். அந்த ஒரு பக்கத்துக்காகவே இந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பேன்.

சின்னவன் பக்கத்தில் அரண்மனையே இல்லை, தரை மட்டும்தான். சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய தரை என்று அங்கே சொன்னது அவனுக்குப் பிடித்துவிட்டது. கறுப்புக் கிரேயானை அழுத்தித் தேய்த்து, அதன்மேல் மெழுகுவர்த்தியை உரசி மினுங்க வைத்திருக்கிறான். அரண்மனை எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது. அவன் பார்த்தது அதைத்தான்.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு 28 தூண். ஒரு பக்கத்தில் அடங்காமல், தாளோடு தாள் ஒட்டி நீட்டி விசிறி போல மடித்து வைத்திருக்கிறார்கள். பறளியாற்றுக்கு 115 அடி மேலே கால்வாய்த் தண்ணீர் போகிறதல்லவா, "கீழேயும் ஆறு, மேலேயும் ஆறு" என்று எழுதியிருக்கிறாள் பெரியவள்.

அப்புறம், மெஷினில் வரும் பஸ் டிக்கெட்டை அப்படியே ஒட்டாதே. அது சூட்டில் அச்சாகிற தாள், நாளாக ஆக எழுத்து மங்கிவிடும். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டு. இலையைப் பழைய பேப்பருக்குள் வைத்து, மேலே கனம் ஏற்றி ஒரு வாரம் விடு. பேப்பரை இடையிடையே மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மணவாளக்குறிச்சி கறுமணலை நாங்கள் எடுத்து வரவில்லை. கதிர்வீச்சுள்ள மோனசைட் கலந்த மண் அது, வீட்டில் எதற்கு? கலரில் தீட்டிக்கொண்டார்கள்.

பூஜை லீவுக்குப் பிள்ளைகளோடு வா. சிதறால் மலை ஏறிச் சமணச் சிற்பங்களைப் பார்க்கலாம். பசை, கத்திரி எல்லாம் இங்கே இருக்கிறது. நோட்டு மட்டும் ஆளுக்கொன்று வாங்கி வா, ஒரே நோட்டு என்றால் சண்டை வரும். அம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜன்