ஸ்டேக் கடை பில்லில் இறைச்சிக்கு எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளை பட்டம் வாங்கினாலும் திருமண நாள் வந்தாலும், ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ பெரிய ஸ்டேக் (கனமாக வெட்டிச் சுட்ட மாட்டிறைச்சித் துண்டு) உணவகம் ஒன்றில் மேசை பிடிப்பது சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களிலும் வழக்கமாகி வருகிறது. போய்வந்தவர்களில் சிலர் வாயாரப் புகழ்கிறார்கள். சிலர், "அந்தக் காசுக்கு அரை ஆடு வாங்கியிருக்கலாம்" என்று நொந்துகொள்கிறார்கள். மாட்டிறைச்சி சாப்பிடுபவர், அதுவும் நடுவில் சிவப்பு இருக்கச் சாப்பிடுபவர் என்றால் எப்போதாவது ஒருமுறை போகலாம். மற்றவர்களுக்கு அது வீண் செலவு என்பதே என் கணக்கு.

அங்கே கொடுக்கும் காசுக்கு வீட்டில் கிடைக்காத இரண்டு கிடைக்கின்றன. ஒன்று, 'டிரை ஏஜ்ட்' இறைச்சி. எலும்போடு உள்ள விலாப் பகுதியை 1 முதல் 4 டிகிரி குளிரில், காற்றோட்டமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறையில் 28 நாள், 35 நாள் என்று வைத்திருப்பார்கள். இறைச்சியில் இருக்கும் நொதிகளே தசைநாரைத் தளர்த்தும்; நீர் வற்ற வற்றச் சுவை இறுகும். மேலே கறுத்துக் காய்ந்த பொருக்கைச் சீவி எறிந்துவிட வேண்டும். 10 கிலோ வைத்தால் 7 கிலோ கைக்கு வந்தால் பெரிது. போன 3 கிலோவும் உங்கள் தட்டின் விலையில்தான் ஏறுகிறது; அது நியாயமான ஏற்றம். வீட்டுக் குளிர்பெட்டியில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். பிள்ளைகள் பத்துத் தடவை திறந்து மூடும் பெட்டியில் இறைச்சி பதப்படாது, கெட்டுத்தான் போகும். பட்டியலில் வெறுமனே 'ஏஜ்ட்' என்று இருந்தால் டிரையா (உலர்வாக வைத்ததா), வெட்டா (ஈரமாக வைத்ததா) என்று கேளுங்கள். வெட் என்றால் காற்று நீக்கிய பிளாஸ்டிக் பையில் கிடந்தது. மென்மை இருக்கும், டிரையில் வரும் கொட்டைப் பருப்பு வாசம் இருக்காது. அதற்கு டிரை விலை கொடுக்கக் கூடாது.

இன்னொன்று சூடு. மேலிருந்து தணல் இறங்கும் பிராய்லர் அடுப்பு சில நிமிடத்தில் கனமான துண்டின் இரு பக்கமும் பொருக்கு ஏற்றிவிடும். உள்ளே வெந்து காய்வதற்குள் வேலை முடிந்துவிடும்.

இனி எடை. பட்டியலில் போட்டிருக்கும் 250 கிராம் பச்சை எடை. வெந்து தட்டுக்கு வரும்போது ஏறக்குறைய 200 தான். நீள எலும்போடு வரும் 'தொமஹாக்' 100 கிராமுக்கு இவ்வளவு என்று விலை போட்டிருந்தால் எலும்பையும் சேர்த்துத்தான் நிறுப்பார்கள். மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை எலும்பு போய்விடும். படம் எடுக்க அழகு, வயிற்றுக்கு நட்டம். 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) சாப்பிட்டால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் 30 வெள்ளி, 6 விழுக்காடு சேவை வரி 18 வெள்ளி, ஆக ஏறக்குறைய 348 வெள்ளி கையில் வேண்டும். 2024 மார்ச்சில் சேவை வரி 8 விழுக்காடானபோதும் உணவுக்கு 6 தான். அந்த 10 விழுக்காடு அரசாங்க வரி அல்ல, கடைக்குப் போவது. அதைக் கட்டிய பிறகு தனியே டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.

"நல்லா வெந்திருக்கணும்" என்று கேட்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வேகும் பதத்தில் மீடியம் ரேர் என்பது நடுப்பகுதி 54 முதல் 57 டிகிரி, மீடியம் 60, வெல்டன் (நன்றாக வெந்தது) 70க்கு மேல். 70ஐத் தொட்டால் நார் சுருங்கிச் சாறு வெளியேறிவிடும். 28 நாள் பதப்படுத்தியதும் மூன்று நாள் பழையதும் வாயில் ஏறக்குறைய ஒன்றுதான். கொழுப்பு இழையோடிய ஜப்பானிய மாட்டிறைச்சியான வாக்யூவில் இது இன்னும் மோசம். காசு கொடுப்பதே அந்தக் கொழுப்பு இழைக்காக. அதை உருக்கித் தட்டில் ஓடவிடுவதற்கா A5 (அதன் உச்சத் தரம்) என்று கேட்டு வாங்குவது? சிவப்பாகக் கசிவது இரத்தம் அல்ல, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். தட்டு வந்ததும் முதல் வேலையாக நடுவில் ஒரு வெட்டுப் போட்டுப் பாருங்கள். குறைவாக வெந்திருந்தால் திருப்பி அனுப்பலாம். கூடிப்போனால் மாற்றுத் துண்டுதான் கேட்க வேண்டும், பாதி தின்றபின் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

மாட்டிறைச்சி வீட்டுக்குள் வராத குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே போய் ஆட்டிறைச்சியோ கோழியோ கேட்டால் தப்பித்தோம் என்று நினைக்கிறோம். இறைச்சி மேல் ஊற்றும் கருமிளகுச் சாறும் காளான் சாறும் (சாஸ்) பெரும்பாலும் மாட்டெலும்பை மணிக்கணக்கில் காய்ச்சிய சாற்றில் செய்வதுதான். உருளைக்கிழங்கு மசியல் மேல் ஊற்றுவதும் அதே சாறு. சில கடைகளில் பொரியல் உருளைக்கிழங்கே மாட்டுக் கொழுப்பில் பொரிகிறது. கிரில் கம்பியும் பொது. தனிச் சட்டி, சாறு வேண்டாம், எந்த எண்ணெய் என்று மூன்றையும் மேசை பிடிக்கும்போதே போனில் கேட்டுவிடுங்கள். உட்கார்ந்தபின் கேட்டால் பரிமாறுபவர் தலையாட்டிவிட்டுப் போவார். கோழிக்காக அங்கே போவது எனக்குப் புரியவே இல்லை. துரைமார் பங்களாக்களிலும் கிளப்புகளிலும் சமைத்த ஹைனான் சீனர்கள் விட்டுப்போன சிக்கன் சாப் நம் பட்டணத்துக் கடைகளில் கிடைக்கிறதே!

ஆட்டுக்கு வீடே போதும். எட்டு விலா கொண்ட 'லேம் ரேக்' 800 கிராம் அளவில் உறைந்து கிடைக்கும். முதல் நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைநீக்குங்கள். வாளித் தண்ணீரில் அப்படியே போட்டால் மேற்பரப்பு நீர்கோத்துக்கொள்ளும். இரண்டு எலும்புக்கு ஒரு துண்டாக வெட்டி, ஒன்றரைத் தேக்கரண்டி உப்புத் தடவி 45 நிமிடம் வையுங்கள். பிறகு டிஷ்யூவால் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் தோசைக்கல்லின் சூடெல்லாம் அதை ஆவியாக்கவே செலவாகும். பொருக்கு பிடிக்காமல் இறைச்சி சாம்பல் நிறத்தில் அவிந்துபோகும். கனமான இரும்புத் தோசைக்கல் இதற்குக் கச்சிதம். செம்பனை எண்ணெய் அந்தச் சூட்டைத் தாங்கும். வெண்ணெயை முதலிலேயே போட்டால் கருகும். ஒரு தடவைக்கு இரண்டு துண்டுதான். கொழுப்புப் பக்கம் முதலில், பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி, மொத்தம் 7, 8 நிமிடம். வெப்பமானி 55 காட்டும்போது இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டால் தானே 58க்கு ஏறிவிடும். அந்தக் கல்லில் மறுநாள் தோசை வார்த்தால் ஆட்டு வாசம் வரும், ஆகவே தனிக்கல் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது எலும்பைப் பாருங்கள். 'லேம் சாப்' என்று ஒட்டி விற்கும் பொட்டலங்களில் பல தோள்பகுதி. வட்ட எலும்போ தட்டை எலும்போ தெரியும். ஓடியாடி உழைத்த தசை அது, எட்டு நிமிடத்தில் செருப்புத்தோல்தான் ஆகும். அதை ஒன்றரை மணி நேரம் மெல்ல வேகவிட்டுப் பிரட்டல் போடுங்கள். 'டி' வடிவ எலும்பு தெரிந்தால் அது இடுப்புப் பகுதி, கல்லுக்கு எடுக்கலாம்.

இப்படிக்கு,
ஹோட்டல் சமையற்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்