மூளை மங்கினவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் உடல்நலப் பக்கத்தில், “அறுபது தாண்டினால் மூளை மங்கும், மனமும் சோர்ந்துவிடும்” என்று ஒரு வரி. எழுதிய தம்பிக்கு முப்பது வயது ஆகியிருக்குமா என்பதே சந்தேகம்.

உங்களுக்குத் தெரியாததா? அமெரிக்காவில் வார்னர் ஷாயி என்பவர் 1956-இல் சியாட்டிலில் ஓர் ஆய்வைத் தொடங்கி, ஏழாண்டுக்கு ஒருமுறை அதே ஆட்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார். வேகம் சீக்கிரம் குறைகிறது, சரி. ஆனால் எல்லாத் திறனும் ஒன்றாகச் சரிவதில்லை. சொல்வளம் வெகுகாலம் நிற்கிறது, அதுவும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மனம் சோர்வதைப் பற்றி லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் கண்டது நேர்மாறு: வயதானவர்களுக்குக் கோபதாபம் குறைவாம். (நான் விதிவிலக்கு.)

1987-இல் இங்கே பர்மாவில் 25, 35, 75 க்யாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்து, 45, 90 என்று புது நோட்டு கொடுத்தார்களே, அதில் மீதி கொடுத்துக் கடை நடத்தியவன் நான். இன்றும் பேரன் கைப்பேசியைத் தட்டி முடிப்பதற்குள் தொகையைச் சொல்லிவிடுவேன். அவனுடைய நண்பர்கள் பெயர்தான் வாயில் வராது. அது வேறு.

கோயில் கமிட்டியிலும் இதே கதைதான். திருவிழாவுக்கு மாலை போடக் கூப்பிடுவார்கள். வரவுசெலவு நோட்டைக் கேட்டால், “நீங்க உட்காருங்க தாத்தா” என்பார்கள். 1960-களில் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு தமிழுக்குக் கோயில் மண்டபம்தான் கதி என்றானது. அங்கே மாலை வேளையில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்ததெல்லாம் இந்த மங்கின மூளைகள்தாம். உங்கள் தம்பி ‘அ’ எழுதப் பழகியது எங்கே என்று கேட்டுச் சொல்லுங்கள்.

முதுமையை நல்லவிதமாக நினைப்பவர்கள் மற்றவர்களைவிட ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று பெக்கா லெவி என்ற ஆய்வாளர் 2002-இல் எழுதினார். ஏழரை என்றால் சனியைத்தான் நமக்குத் தெரியும். அங்கே அது ஆயுள். அந்தக் கணக்கில் உங்கள் ஒரு வரி எத்தனை கிழவர்களின் ஆயுளைக் குறைத்ததோ!

மறுப்பு வேண்டாம், வருத்தமும் தெரிவிக்க வேண்டாம். உடல்நலப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். முன்பும் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. சந்தா கட்டியாயிற்று.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
யாங்கோன்