டேஷ்போர்டுக்கு ரெக்சின் ஒட்டுறவங்க ஏர்பேக்கை மறக்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கம். வெயில்ல நின்னு நின்னு வெடிச்சுப்போன டேஷ்போர்டுக்கு ரெக்சினோ லெதரோ ஒட்டுறது நல்ல வேலைதான், வெடிப்பை நிரப்பி உப்புத்தாள்ல தேய்ச்சு, சூடு தாங்குற பசை போட்டு, ரெக்சினை ஹீட் கன்ல லேசா சூடுகாட்டி இழுத்து ஒட்டினா வளைவுலகூட சுருக்கம் விழாது. ஆனா பயணி பக்கம் ஏர்பேக் இருக்குற வண்டின்னா தயவுசெஞ்சு அது மேல எதையும் ஒட்ட விடாதீங்க. அந்த ஏர்பேக் மூடி சட்டுனு கிழிஞ்சு திறக்கணும்னே உள்பக்கம் ஒரு கோடு நெடுக மெலிசாக்கி வச்சிருப்பாங்க, விபத்துல கண் இமைக்கிற நேரத்துக்குள்ள பை விரியணும், மேல கெட்டியா இன்னொரு தோல் இருந்தா அது தாமதமாகலாம், இல்ல துண்டா பிச்சுக்கிட்டு முகத்துலயே அடிக்கலாம். பளபளக்குற ரெக்சினும் வேணாம், முன் கண்ணாடியில பிரதிபலிச்சு ரோடு சரியா தெரியாது, மேட் ஃபினிஷ் கேளுங்க. கடைக்காரங்களும் வேலையில கை வைக்கிறதுக்கு முன்னாடியே இதையெல்லாம் சொல்லிடணும்.

– ஒரு வாசகர்