645-ன்னா என்னன்னு அப்பாவுக்கு நேத்துதான் தெரிஞ்சுது

கண்ணு,

போன் பண்ணா மீட்டிங்ல இருக்கேன்ப்பான்னு வச்சிடறே, அதான் டைப் பண்றேன், பொறுமையா படி. சாப்பிட்டியா? ராத்திரி பத்து மணிக்கு மேல சாப்பிடாத. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு.

எம்பிஏ சேர எழுதற ஜிமேட் பரீட்சைல 645-ன்னு நீ சொன்ன அன்னிக்கு, "அவ்ளோதானா, கரூர் அத்தை பையன் 2019-லயே 700 வாங்கினானே"ன்னுட்டேன். அதுல இருந்து பதினேழு நாளா அம்மாகிட்ட மட்டும்தான் பேசறே.

மாடி வீட்டு பொண்ணும் அதுக்குத்தான் படிக்குது, நேத்து அதுகிட்ட கேட்டேன். 2023 நவம்பர்லயே பரீட்சைய மாத்திட்டாங்களாம், மூணு மணி நேரத்துக்கு மேல இருந்தது இப்ப ரெண்டே கால் மணி நேரம்தானாம், கட்டுரை இல்லையாம், இங்கிலீஷ்ல வாக்கியத்த திருத்தற கேள்வியும் இல்லையாம், கணக்கு, வெர்பல்னு இங்கிலீஷ், டேட்டா இன்சைட்ஸ்னு அட்டவணை, படம் பாத்து பதில் சொல்றதுன்னு மூணும் 45, 45 நிமிஷமாம். மார்க்கு 205-ல இருந்து 805 வரைக்கும், எல்லாமே 5-லதான் முடியும், பழசு 0-ல முடியும், ரெண்டு நம்பரையும் அப்படியே பக்கத்துல வச்சு பாக்கக்கூடாதாம். பழைய 700-ம் உன் 645-ம் கிட்டத்தட்ட ஒண்ணுதான் அங்கிள்னு சொல்லுச்சு. எம்பொண்ணு வேலைக்கும் போய்க்கிட்டு வாங்கின மார்க்கும்மான்னேன். நீயும் அன்னிக்கே "இது வேறப்பா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் கண்ணு.

கணக்குல ஜியாமெட்ரியையே எடுத்துட்டாங்கன்னும் சொல்லுச்சு. அதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. ஒன்பதாவதுல வட்டத்துல நாண் கணக்கு வரலைன்னு உன் பச்சை ஸ்கேல வாங்கி உன் கைலயே அடிச்சேன், ஸ்கேல் உடைஞ்சிருச்சு, நீ அழல, உடைஞ்ச துண்ட வச்சே கோடு போட்டு கணக்க முடிச்சுட்டு போய் படுத்துட்டே. மறுநாள் புதுசு வாங்கிட்டு வந்தேன், நீ தொடவே இல்ல. அது இன்னும் பீரோல கவர் பிரிக்காம இருக்கு. தப்பு என்மேலதான். அன்னிக்கும் சரி, பதினேழு நாளைக்கு முன்னாடியும் சரி. இத்தன வருஷமா சொல்ல வாய் வரல.

மார்க்கு அஞ்சு வருஷத்துக்கு செல்லுமாம், அவசரமில்ல. இதையே வச்சு அப்ளை பண்ணாலும் சரி, திரும்ப எழுதறதுன்னாலும் சரி, உன் இஷ்டம், எழுதறதா இருந்தா ஃபீஸ் நான் கட்டறேன். நேரத்துக்கு சாப்பிடு, பத்து மணிக்கு மேல வேணாம்.

ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு பண்ணும்போது அப்பாகிட்ட குடுக்கட்டுமான்னு கேப்பா. வேணாம்னு சொல்லாத சாமி.

அப்பா