வேட்டி கட்டி விளக்கு வைத்த ராத்திரிகளுக்கு நன்றி

ஏற்காடு நாகலூரில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்குக் கோடைக் கடைசியில் வந்த அந்துப்பூச்சிகளைப் படம் பிடித்து, தேதியும் நேரமும் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி ஏற்றியாகிவிட்டது. ராத்திரியில் வேட்டியைத் திரை மாதிரி கட்டி, பக்கத்தில் புறஊதா விளக்கை வைத்தால் பூச்சிகள் வந்து வேட்டியில் உட்காரும், அப்போது படம் பிடிக்கலாம். தனியாளாக ஆகிற வேலையே இல்லை இது. பெயர் போடாமல் எழுதுகிறேன், அவரவருக்குத் தெரியும்.

எதிர் வீட்டு அக்கா, கோடை விழா சமயத்தில் வீடு நிறைய விருந்தாளிகள் இருந்தும், அமாவாசையை ஒட்டிய ராத்திரிகளில் எனக்காக வாசல் விளக்கை அணைத்து வைத்தீர்கள். பக்கத்தில் வேறு வெளிச்சமோ நிலவோ இருந்தால் நம் புறஊதா விளக்குக்கு வரும் கூட்டம் குறைந்துவிடும். மழை விட்டுக் காற்றும் அசையாமல் புழுங்கிய ஒரு ராத்திரியில் கட்டியிருந்த வேட்டியில் இடமே இல்லை, அதற்கு நீங்கள்தான் காரணம்.

பழக்கடை அண்ணன் நைந்த வாழைப்பழத்தையெல்லாம் காசு வாங்காமல் கொடுத்தார். அதை வெல்லத்தோடு பிசைந்து சவுக்கு மரத்தில் பூசினால், விளக்குப் பக்கம் அதிகம் வராத சிலதும் வந்து உட்காரும். பழம் துளைக்கும் அந்துப்பூச்சி அப்படித்தான் கிடைத்தது. மூடிய சிறகைப் பார்த்தால் காய்ந்த இலை, விரித்தால் உள்ளே மஞ்சள்.

அப்புறம் எஸ்டேட்டில் வேலை செய்கிற பெரியம்மா. உங்களுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். வேலியைச் சுத்தம் பண்ணும்போது சீந்தில் கொடியை மட்டும் வெட்டாமல் விட்டு, "இதுல கண்ணு வச்ச புழு இருக்கு, வந்து பாரு கண்ணு" என்று கூப்பிட்டீர்களே, அது அதே பூச்சியின் புழு! ஆரஞ்சுப் பழத்தை ராத்திரியில் குத்தி உறிஞ்சிக் கெடுக்கிற பூச்சி என்று தெரிந்தும் விட்டு வைத்தீர்கள். வளர்ந்த பூச்சியின் அழகான படம் யாருக்கும் கிடைத்துவிடும். எந்தச் செடியைத் தின்று வளர்ந்தது என்று தெரிந்த பதிவுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன். காப்பிச் செடியில் இருந்த வாலில் கொம்பு முளைத்த பச்சைப் புழுவையும் நீங்கள்தான் காட்டினீர்கள். அது பின்னால் கண்ணாடிச் சிறகோடு பகலில் பறக்கிற காப்பிப் பருந்து அந்து.

படம் பார்த்து இனம் சொன்ன நண்பர்களுக்கும் நன்றி. சிலவற்றை உடலை அறுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது, இனத்துக்கு ஒரு படி மேலே இருக்கிற பேரினத்தோடு நிறுத்திக்கொள் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். அப்படியே நிறுத்தியிருக்கிறேன்.

அம்மா, விடிவதற்குள் எழுந்து வேட்டியை மெதுவாக உதறிப் பூச்சிகளைப் புதருக்குள் விட்டது நீங்கள். இல்லாவிட்டால் மைனாக்கள் ஒன்று விடாமல் கொத்தியிருக்கும்.

2012ல் அமெரிக்காவில் தொடங்கி இப்போது பல நாடுகளில் நடக்கும் அந்துப்பூச்சி வாரம் ஜூலைக் கடைசியில் வருகிறது. அப்போதும் வேட்டி கட்டி விளக்கு வைப்பேன். சேலத்திலிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைக் கேட்டுவிட்டு வாருங்கள், ராத்திரி தங்கவும் இடம் இருக்கிறது, ஸ்வெட்டர் மட்டும் மறக்க வேண்டாம்.